அத்தான் வாசிக்காத பாட்டு

அத்தியாயம் பதினொன்று

கேக் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் நின்ற பாப்பாவுக்கு மணியை அடிக்கக் கை வரவில்லை. கையில் பெட்டி இருந்தது ஒரு சாக்கு. பெட்டி இல்லாவிட்டாலும் வந்திருக்காது.

பாப்பாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. வீட்டில் கடைக்குட்டி என்று வைத்த பெயர், தலை நரைத்த பிறகும் போகவில்லை. வார நாட்களில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பாள். சனிக்கிழமை மாலைகளில் பாடகி.

இருபத்தெட்டு வருடமாக அதே நான்கு பேர்தான். ஒரு ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில், பெட்டி படுக்கையோடு வந்து போகிற ஜனங்களுக்கு நடுவே, தாங்கள் பிறப்பதற்கு முன்பே பழசாகிவிட்ட ஜாஸ் பாட்டுகளை வாரந்தோறும் பாடி வந்தார்கள். பாப்பா பாட, பள்ளியில் சங்கீத டீச்சரான அக்கா பியானோ வாசிப்பாள். அக்காவின் கணவர், பாப்பாவுக்கு அத்தான், ஆள் உயரத்துக்கு நிற்கும் பாஸ் என்ற தந்தி வாத்தியத்தை அணைத்துக்கொண்டு நிற்பார். சாக்ஸபோன் ஊதுகிறவர் தொழிலில் பிளம்பர். "குழாய்னு இருந்தா எதையும் சரி பண்ணிடுவேன்" என்று அவரே சொல்லிக்கொள்வார். டிரம்ஸ் கிடையாது, ஹோட்டலுக்கு அத்தனை சத்தம் ஆகாது என்றுவிட்டார்கள். அதனால் தாளத்தைச் சுமக்கிற வேலை முழுக்க அத்தானின் தலையில்.

"நாம போனா நம்ம சத்தமும் கூடவே போயிடும். ஒரே ஒரு ஆல்பமாவது போட்டுட்டுப் போவோம்" என்று இரண்டு வருடமாக எல்லாரையும் அரித்தெடுத்தது அத்தான்தான். எட்டுப் பாட்டுகளைப் பொறுக்கியது, ஸ்டுடியோவில் தேதி வாங்கியது, அட்டைக்குப் படம் எடுக்க ஆளைப் பிடித்தது, எல்லாம் அவர்.

பதிவு முடிந்து ஒரு வாரம் கழித்து ஒலிப்பதிவாளர் பாப்பாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். எல்லாருக்கும் அவர் பெயர் 'காது'. "மூணு பாட்டுல பாஸ் பின்தங்குது. எனக்குத் தெரிஞ்ச வேற ஆளை வாசிக்க வச்சுடவா? வெளியில தெரியாது" என்றார்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் இடது கை நரம்பு இழுத்து, இரண்டு விரல் மரத்துப்போய் மீண்டவர். அந்தக் கை பாப்பாவின் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"மாத்திடுங்க."

யாரையும் கேட்கவில்லை. ஆல்பம் நன்றாக வர வேண்டும் என்றுதானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அட்டையில் பெரிதாக இருப்பது தன் முகம் என்பதும் உள்ளுக்குள் தெரியாமல் இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. தட்டுகள் அச்சாகி வந்துவிட்டன. அதுவரை யாரும் கேட்கக் கூடாது, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துதான் முதல் தடவை கேட்க வேண்டும் என்பது அத்தான் போட்ட சட்டம்.

கதவு தானாகத் திறந்தது. அத்தான் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளை மாதிரி நின்றார்.

"என்ன, வாசல்லயே நின்னு பாட்டு கேட்டுட்டுப் போயிடலாம்னு பார்த்தியா? உள்ள வா."

கூடத்தில் நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டிருந்தார். நடுவில் பாடும் பெட்டி. அதன் மேல் ஆல்பம். அத்தான் அதை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, பாஸ் என்று போட்டிருந்த வரிக்குக் கீழே விரலை வைத்தார்.

"பார்த்தியா? என் கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் என் பேரு அச்சுல வர்றது இதுதான். அதுலயும் ஒரு எழுத்து தப்பு. இதுல தப்பே இல்ல."

பாப்பா ஒரு அடி முன்னால் வந்தாள். "அத்தான், ஒரு நிமிஷம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன்."

"தனியா..."

அதற்குள் வாசல் மணி அடித்துவிட்டது. பிளம்பரும் அவர் மனைவியும். பிளம்பர் உள்ளே நுழையும்போதே, "எங்கண்ணே என் பேரு? சின்ன எழுத்துலயா போட்டிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். சமையலறையிலிருந்து அக்கா தேநீர்த் தட்டோடு வந்தாள். சொல்ல வந்தது சொல்லாமலே போயிற்று. பாப்பாவுக்கு அதில் ஒரு நிம்மதியும் இருந்தது, அந்த நிம்மதியை நினைத்தே கூசியது.

முதல் இரண்டு பாட்டும் வேகமான பாட்டுகள். அவை அத்தான் வாசித்தவையே. அவருடைய வலது கால் தரையில் தாளம் போட்டது. பியானோ ஒரு இடத்தில் குதித்து ஓடியபோது அக்காவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அக்கா எப்போதும் போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

மூன்றாவது, மெதுவான பாட்டு. ரயில் போன பிறகும் பிளாட்பாரத்தை விட்டு நகராத ஒருத்தியைப் பற்றியது. அது ஆரம்பிப்பதே பாஸில்தான். வேறு எதுவும் இல்லாமல், தனியாக.

நான்கு ஸ்வரம் போயிருக்கும். அத்தானின் கால் நின்றது.

அவர் பாப்பாவைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. தன் இடது கையை மடியிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு, குளிர்கிற மாதிரி, அதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அக்கா கண்ணைத் திறந்தாள். அத்தானை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

பாட்டில் பாப்பாவின் குரல் நுழைந்தது. அழகாகத்தான் இருந்தது. அவளுக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது.

எட்டும் முடிந்தது. பிளம்பரின் மனைவி கை தட்டினாள். பிளம்பர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"அண்ணே! எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மூணாவது பாட்டு ஆரம்பம் இருக்கே, பின்னிட்டீங்க! இத்தனை வருஷமா இந்தக் கையை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? நம்ம ஹோட்டல்ல ஒரு நாளாவது இப்படி வாசிச்சிருக்கீங்களா?"

அறையில் எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். பாப்பா கேக் பெட்டியின் நூலைப் பார்த்தாள்.

"ஏதோ..." என்றார் அத்தான். சிரித்தார். "ஏதோ அன்னிக்கு அமைஞ்சுது."

"அமைஞ்சுதா! கொடுங்கண்ணே அந்தக் கையை" என்று பிளம்பர் தொடைக்கு அடியிலிருந்து இடது கையை இழுத்து எடுத்துக் குலுக்கினார்.

கேக்கை வெட்டுகிற சாக்கில் அக்கா எல்லாரையும் சாப்பாட்டு மேஜைக்குக் கூட்டிப்போனாள். பாப்பா தட்டு எடுக்கப் போகிறேன் என்று சமையலறை வழியாகப் பின்பக்க பால்கனிக்கு நழுவினாள். அங்கே துணி காய்ந்துகொண்டிருந்தது. அத்தானின் வேலைச் சட்டைகள், முழங்கையில் கிரீஸ் கறையோடு. திரும்பினால் அத்தான் நின்றிருந்தார். கதவைச் சாத்தினார்.

"யாரு அது?"

"எது அத்தான்?"

"பாப்பா." குரலை உயர்த்தவில்லை. "நான் கேட்டது உனக்குப் புரிஞ்சுது."

"காதுக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா. விளம்பரத்துக்கெல்லாம் வாசிக்கிறவங்களாம்."

"எத்தனை பாட்டு?"

"ஒண்ணுதான்."

ஏன் அப்படிச் சொன்னாள்? இருபத்தெட்டு வருடம் பாஸ் வாசித்த மனிதரிடம், அவர் விரல் எங்கே இருந்தது எங்கே இல்லை என்று அவருக்கே தெரியாது என்று நினைத்தாளா? வாயிலிருந்து வந்துவிட்டது. வந்ததைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

"மூணு" என்றார் அத்தான். "மூணாவது, அஞ்சாவது, எட்டாவது. பொய் வேற சொல்றியா?"

பாப்பாவின் காது மடல் கொதித்தது.

"நல்லா வாசிச்சிருக்காங்க" என்றார் அவர். "என்னைவிட நல்லா." அதில் குத்தல் எதுவும் இல்லை. வேலை தெரிந்தவன் வேலை தெரிந்தவளைப் பற்றிச் சொல்கிற நேரான பேச்சு. குத்தியிருந்தால் பாப்பாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"உங்க கை அத்தான்... வலிக்குமேன்னு..."

"என் கைக்கு என்ன?" முதல் தடவையாக அவர் குரல் தடித்தது. "என் கையைப் பத்தி எங்கிட்டல்ல கேட்கணும்? நேரா வந்து, 'அத்தான், உங்களால முடியல, நகருங்க'ன்னு சொல்லியிருந்தா நகர்ந்திருப்பேன். சண்டை போட்டிருப்பேன். ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்திருப்பேன். அப்புறம் நகர்ந்திருப்பேன். இப்ப அவன் என் கையைப் பிடிச்சுக் குலுக்குறான். நானும் பல்லைக் காட்டிக்கிட்டு வாங்கிக்கறேன். எவளோ பாடுபட்டு வாசிச்சதை. அவ பேரு எங்கயாவது இருக்கா?"

"இல்ல."

"அதுக்குப் பேரு என்ன பாப்பா? என்னைத் திருடனாக்கிட்டே."

கொடியில் சட்டைகள் ஆடின. உள்ளே பிளம்பர் எதற்கோ உரக்கச் சிரித்தார்.

"நான் வாசிச்சது இருக்கா, அழிச்சுட்டீங்களா?"

"தெரியல அத்தான்."

"அதுகூடத் தெரியாது." அவர் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். "உங்க அக்காவுக்குத் தெரிய வேண்டாம். வெள்ளிக்கிழமை ஹோட்டல்ல வெளியீடு வச்சிருக்கு, அவ பள்ளிக்கூடத்துல பாதிப் பேரைக் கூப்பிட்டிருக்கா. நீதான் பண்ணினேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."

உள்ளே போய்விட்டார். கேக் சாப்பிட்டார். இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பாப்பா மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் ஸ்டுடியோவுக்குப் போனாள். ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில், சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டிய சுவர்களுக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் காது வேலை செய்துகொண்டிருந்தார். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "என்ன மேடம், ஆல்பம் கேட்டாச்சா?" என்றார்.

"அத்தான் வாசிச்சது இருக்கா?"

காதின் சிரிப்பு அடங்கியது. "கண்டுபிடிச்சுட்டாரா?"

"இருக்கா இல்லையா?"

"இருக்கு. நான் எதையும் அழிக்கிறதில்ல."

"போடுங்க. மூணாவது பாட்டு."

அவர் தயங்கினார். "இப்ப எதுக்கு மேடம்? தட்டு அடிச்சாச்சு."

"போடுங்கன்னேன்."

திரையில் நான்கு கோடுகள் வந்தன. ஒவ்வொன்றும் ஒருவருடைய சத்தம். காது அக்காவின் பியானோவையும் சாக்ஸபோனையும் அடக்கிவிட்டு, பாஸையும் குரலையும் மட்டும் விட்டார். ஹெட்போனைப் பாப்பாவிடம் கொடுத்தார்.

காது சொன்னது பொய் இல்லை. பாஸ் பின்தங்கித்தான் இருந்தது. ஆனால் அத்தான் தனியாக வாசித்த ஆரம்பத்தில் ஒரு நூல் பிசகவில்லை, கடிகாரம் மாதிரி போனது. பாப்பா பாட ஆரம்பித்த பிறகுதான் பின்தங்கியது. அதுவும் எல்லா இடத்திலும் இல்லை, ஒவ்வொரு வரியும் முடிந்து அடுத்த வரி தொடங்குகிற இடத்தில் மட்டும்.

"என் குரலை மட்டும் விடுங்க" என்றாள்.

விட்டார். தன் குரலை அவ்வளவு நிர்வாணமாக அவள் என்றும் கேட்டதில்லை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் காற்று தீர்ந்துபோய், அவசரமாக இழுத்த மூச்சு, கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி விஸ்ஸென்று கேட்டது. அந்த மூச்சை இழுத்து முடிப்பதற்குள் தாளம் தாண்டிவிட்டிருந்தது. அடுத்த வரியை அவள் பிந்தித்தான் எடுத்தாள். வரிக்கு வரி. கடைசி வரை.

மாற்றிய மூன்றும் நீளமான வரிகள் கொண்ட மெதுவான பாட்டுகள்.

"அவர் எனக்காக நின்னிருக்கார்" என்றாள் பாப்பா. ஹெட்போன் போட்டிருந்ததால் குரல் உரக்க வந்துவிட்டது.

காது தலையை ஆட்டினார். "கண்ணாடி வழியா நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். அவர் பாஸைப் பார்க்கவே இல்ல. உங்க தோளைப் பார்த்துக்கிட்டே இருந்தார். தோள் ஏறி இறங்கின பிறகுதான் அடுத்த ஸ்வரத்தைத் தொட்டார். ஹோட்டல்லயும் அப்படித்தான் போல."

"அப்ப ஆல்பத்துல நான் சரியா வர்றேனே? அந்தம்மா யாருக்காகவும் நிக்கலையே?"

அவர் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்களையும் எடுத்து முன்னால நகர்த்தி வச்சேன். முப்பது, முப்பத்தஞ்சு இடம் இருக்கும். மூச்சுச் சத்தத்தையும் எடுத்துட்டேன்."

"எங்கிட்ட சொல்லாம?"

கேட்ட பிறகுதான், அந்தக் கேள்வியைக் கேட்பது யார் என்பது அவளுக்கு உறைத்தது. இன்று காலையில் பால்கனியில் அத்தான் அவளிடம் கேட்டதும் இதைத்தான்.

"உங்க முகத்தைப் பார்த்து எப்படி மேடம் சொல்றது?" காதின் குரல் இறங்கியது. "உங்களுக்கு மூச்சு பத்தலைன்னு சொல்ல வாய் வரல. அதனால பாஸ் பின்தங்குதுன்னு ஆரம்பிச்சேன். ஏன் பின்தங்குதுன்னு நீங்க கேட்பீங்க, அப்ப சொல்லிக்கலாம்னு பார்த்தேன். நீங்க கேட்கல. சட்டுனு மாத்திடுங்கன்னுட்டீங்க."

பாப்பா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"அந்த பாஸ்காரம்மா வந்து முதல்ல அத்தான் வாசிச்சதைத்தான் கேட்டாங்க. கேட்டுட்டு, 'இது நல்லாத்தானே இருக்கு, இதை எதுக்கு மாத்துறீங்க?'ன்னாங்க. நான்தான் பாடகி சொல்லிட்டாங்கன்னு சொன்னேன்."

பாடகி சொல்லிவிட்டாள். அதற்கு மேல் ஸ்டுடியோவில் உட்கார அவளால் முடியவில்லை. படியில் இறங்கும்போது டயர் கடைக்காரர் வணக்கம் சொன்னார். அட்டையில் படம் பார்த்திருப்பார் போலிருக்கிறது. அவள் தலையைக் குனிந்துகொண்டு கடந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். ஒரு பஸ் வந்தது, போயிற்று. இன்னொன்றும் போயிற்று. எத்தனை வருடமாக இது நடந்திருக்கும்? ஐந்து? எட்டு? கைதட்டல் வாங்கிக்கொண்டு அவள் குனிந்து வணங்கிய சனிக்கிழமைகளிலெல்லாம், பின்னால் ஒருவர் அவள் தோளைப் பார்த்துக்கொண்டே தாளத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். பால்கனியில் இதைச் சொல்லியிருக்கலாமே. பின்தங்கினது நான் இல்லை, நீ என்று ஒரே வரியில் அவள் வாயை அடைத்திருக்கலாம். திருடனாக்கிட்டே என்று சொன்னவர் அதை மட்டும் சொல்லாமல் போய் கேக் சாப்பிட்டார்.

கைப்பைக்குள் போன் அடித்தது. அக்கா.

"எங்க இருக்கே?"

"வெளியில. பஸ்ஸுக்கு நிக்கறேன்."

அக்கா குரலைத் தணித்தாள். "அவரு உங்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"எதைப் பத்தி?"

"மூணாவது பாட்டுல வாசிச்சது அவர் இல்ல பாப்பா. பக்கத்துல உட்கார்ந்து இத்தனை வருஷம் வாசிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? கை முடியலைன்னு தானே போய் ஒரு ஆளைப் பிடிச்சு வாசிக்க வச்சிருக்கார். எங்கிட்ட சொல்ல வெக்கம்."

பாப்பா குறுக்கிட்டாள். "அக்கா..."

"இரு, சொல்லிடறேன். அதுல எனக்குக் கோபம் இல்ல. கை போனா யாரு என்ன பண்ண முடியும்? ஆனா பிளம்பர் அப்படிப் புகழ்ந்தப்ப 'ஏதோ அமைஞ்சுது'ன்னாரே, அதுதான் என்னால தாங்க முடியல. கூசாம சொன்னாரு பாப்பா. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். இவருக்கு இப்படி ஒரு பொய் வரும்னு எனக்குத் தெரியாது. மத்தியானத்துலேர்ந்து முகம் கொடுத்துப் பேசவே பிடிக்கல."

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒருத்தி கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, குனிந்து உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பாப்பா அவளையே பார்த்தாள்.

அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று அத்தானே சொல்லியிருக்கிறார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் சொல்லைக் கேட்ட மாதிரியும் ஆகும். அவர் மறுக்கவும் மாட்டார். இதையும் சேர்த்துச் சுமந்துகொள்வார். வெள்ளிக்கிழமை மேடை ஏறி, அவள் தோளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவ்வளவு சுலபமாக இருந்தது. அந்தச் சுலபம்தான் அவளை உலுக்கியது.

"அவர் இல்லக்கா" என்றாள். "நான்."

"என்ன நீ?"

"நான்தான் மாத்தச் சொன்னேன். அவருக்குத் தெரியாது. உங்கூட உட்கார்ந்து கேட்டப்பதான் அவருக்கே தெரியும். பிளம்பர் முன்னால என்னைக் காட்டிக்கொடுக்க மனசில்லாம அப்படிச் சொன்னார்."

பாப்பா நிறுத்தாமல் தொடர்ந்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு. அவர் கைல ஒரு குறையும் இல்ல. எனக்கு மூச்சு பத்தல. நான் லேட்டா வர்றேன்னு அவர் எனக்காக நின்னு நின்னு வாசிச்சிருக்கார். இப்பதான் ஸ்டுடியோவுல போய்க் கேட்டேன். அதைத்தான் நான் பின்தங்குதுன்னு தூக்கிப் போட்டுட்டேன். உனக்கு இது முன்னாடியே தெரியுமாக்கா? நான் லேட்டா வர்றது?"

அக்கா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. தெரியும் என்பதற்கு அதைவிட என்ன பதில் வேண்டும்?

தூரத்தில் அத்தானின் குரல் கேட்டது. "யாரு போன்ல?"

முப்பது வருடமாக அந்தக் கேள்விக்கு அக்கா சொல்லும் பதில் 'பாப்பா' என்பதுதான். இன்று கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"பாட்டுக்காரி" என்றாள் அக்கா.

போனை எதன் மேலோ வைத்தாள். அணைக்கவில்லை. காலடிச் சத்தம் கூடத்தை நோக்கிப் போயிற்று. பிறகு அக்காவின் குரல், தழுதழுத்து, இத்தனை நேரமும் இல்லாத ஒரு பணிவோடு: "நீங்க ஏங்க எங்கிட்ட சொல்லல?"

அத்தான் ஏதோ சொல்லத் தொடங்கினார்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்த பாப்பா, தான் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பதை உணர்ந்தாள். புருஷன் பெண்டாட்டி பேச்சு. அவளுக்காகப் பேசப்படுவது அல்ல. அவர் சொல்கிற பதில் வெள்ளிக்கிழமையை முடிவு செய்யும் என்று தெரிந்தும், அதைக் கேட்பதற்குள் அவளே போனை அணைத்தாள்.